திரைப்படக் கட்டுரைத் தொகுப்பாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்குழு முறைப்படி கூடியது. செயற்குழுவும் கூடியது. புதியவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தொகுக்கும் பயிற்சி நடந்தது. பழைய சினிமா இதழ்கள் நன்கொடையாக வந்தன. அடுக்கி வைக்கத்தான் ஆள் வரவில்லை.

ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது வேறொரு வேலை. விக்கிப்பீடியாவில் ஒரு படத்தின் கட்டுரையில் எது இருக்கலாம், எது கூடாது என்று வரைமுறை வகுத்தோம். இது செயலாளரின் சொந்த விருப்பம் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரே பத்தியை இருவர் மாறிமாறிச் சேர்த்து நீக்கினால் கட்டுரையைப் பூட்டிவிடுவார்கள். பிறகு விக்கிப்பீடியா நிர்வாகிகள் தவிர யாரும் கைவைக்க முடியாது. வரைமுறை அதற்காகத்தான்.

முதல் கேள்வி, கட்டுரையே தேவையா என்பது. தலைப்பு அறிவித்த அன்றே பக்கம் தொடங்குவதை விடுங்கள். படப்பிடிப்பு தொடங்கியதை நம்பகமான செய்தி உறுதிசெய்யும் வரை இயக்குநரின் பக்கத்தில் ஒரு வரி போதும். அறிவிப்போடு நின்றுபோகும் படங்கள் ஏராளம்.

கதைச்சுருக்கத்துக்கு ஆங்கில விக்கிப்பீடியாவின் அளவான 400 முதல் 700 சொற்களையே எடுத்துக்கொண்டோம். காட்சி வரிசையில் எழுதுவதால்தான் அது நீள்கிறது. எது எதற்குக் காரணம் என்ற வரிசையில் எழுதினால் நகைச்சுவைத் தனித்தடம் தானாக உதிர்ந்துவிடும். முடிவை மறைக்கக் கூடாது. ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்பது, அக்காலத்தில் கதைச்சுருக்கத்தோடு திரையரங்கில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் வேலை. கதைக்குப் படமே சான்று என்பதால் இந்தப் பகுதிக்கு மட்டும் மேற்கோள் கட்டாயமில்லை. ஆனால் 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ போலப் பிரதியே எஞ்சாத படங்களுக்கு இந்தச் சலுகை செல்லாது. அங்கே ஒவ்வொரு வரிக்கும் அச்சுச் சான்று வேண்டும். பாட்டுப் புத்தகம்தான் சான்று என்றால், அது எந்த இடத்தில் ‘மீதியை’ என்கிறதோ அங்கேயே நாமும் நிறுத்த வேண்டும். முடிவை ஊகித்து எழுதிய பத்திகளை நீக்கினேன். அதற்காக இன்னும் என்னோடு பேசாதவர்கள் உண்டு.

ஆண்டுக் குழப்பமும் இதே வகை. ‘கீசகவதம்’ என்ற ஊமைப்படம் வெளியான ஆண்டை நூல்கள் 1916, 1917, 1918 என்று வெவ்வேறாகத் தருகின்றன. நமக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், எந்த நூல் எதைச் சொல்கிறது என்று அடிக்குறிப்பில் தருவதே முறை.

வசூலில்தான் சண்டை அதிகம். ஒரு செய்தி மொத்த வசூலைச் சொல்லும், இன்னொன்று வரியும் திரையரங்கின் பங்கும் போக விநியோகஸ்தருக்கு வரும் பங்கைச் சொல்லும். இரண்டையும் அருகருகே வைத்து ‘முரண்’ என்று எழுதிவிடுகிறார்கள். தயாரிப்பாளரின் சுவரொட்டித் தொகை விளம்பரமே. சொன்னது யார் என்று குறித்து, இன்ன தொகை முதல் இன்ன தொகை வரை என எழுதுங்கள். திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபியின் பயனர் மதிப்பெண் வேண்டாம். அங்குள்ள நடிகர் பட்டியலுக்கும் பயனர் யாரும் திருத்தம் அனுப்பலாம். விமர்சனத்தில் நட்சத்திரத்தை எண்ணாமல் விமர்சகர் சொன்ன காரணத்தை எழுதுங்கள். உதிரித் தகவல்களுக்கு ‘துளிகள்’ என்று தனிப்பகுதி கூடாது: நடிகர் மாறிய காரணம் தயாரிப்புப் பகுதிக்குப் போகும், வண்டியின் எண் காட்சிக்குக் காட்சி மாறியது, வேறு எவரும் அதைப் பொருட்படுத்தி எழுதாதவரை, எங்கும் போகாது. சுவரொட்டிப் படத்தை 250×400 படவணு (பிக்சல்) அளவுக்குச் சுருக்கி ஏற்றுங்கள்; பெரிதாக ஏற்றினால், பதிப்புரிமை உள்ள படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்த நாம் காட்டும் நியாயப் பயன்பாட்டு வாதம் வலுவிழக்கும்.

படம் வெளியாகும் வாரம், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கம் நிரம்பி வழிகிறது. பழைய இதழில் ஒரு பக்க எண்ணைச் சரிபார்க்க வாருங்கள் என்றால் வாசல் காலியாக இருக்கிறது. வருகைப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். பெயர்களை இங்கே படிக்கப்போவதில்லை.

கணக்கு பொருளாளரிடம் உள்ளது. தணிக்கை முடிந்ததும் சுற்றுக்கு வரும். சந்தா வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, நகலெடுக்கும் செலவு கூடுதல். எப்படியோ சமாளித்தோம்.

தலைவர், பொருளாளர், இதழ்கள் தந்த அன்பர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு 1930களின் படங்களை எடுத்துக்கொள்ள எண்ணம். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியே. சந்தா பாக்கி உள்ளவர் போட்டியிட முடியாது என்கிறது விதி. அதன்படி தகுதியுள்ளவர்கள் யார் யார் என்று பொருளாளரிடம் கேட்டேன். அவர் பட்டியல் தரவில்லை, ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறார். கூட்டம் முடியும்வரை வாசலருகே இருப்பார்.