பின்பக்கத்தைப் பார்த்து வாங்கு

நாகப்பட்டினம்
ஞாயிறு மாலை

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ கேட்ட கேள்விக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லத்தான் ஆரம்பித்தேன். குட்டி அழுதான், மாப்பிள்ளை அலுவலக அழைப்பு என்று எழுந்து போனார், உன் அம்மா நடுவில் புகுந்து தேங்காய் விலையைச் சொன்னாள். அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் புரியும். கடை பில் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவள் நீ.

டிவிடி பிளேயர் எது வாங்கலாம் என்று நீ கேட்டபோது முதலில் சிரிப்புதான் வந்தது. டிவியும் பிளேயரும் விற்றுப் பழுதுபார்த்துக்கொண்டு முப்பது வருடம் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைசி இரண்டு வருடம் யாரும் கேட்காத கேள்வி அது. ஆனால் நீ சொன்ன காரணம் நியாயமானது. இணையத்தில் ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது, அணைத்தால் பையன் தரையில் புரள்கிறான் என்றாய். டிஸ்க் அப்படியில்லை. முடிந்தால் மெனுவுக்குப் போய் நின்றுவிடும். அதோடு டல்லாஸில் நூலகத்திலேயே குழந்தைப் படங்களை டிஸ்க்காக இரவல் கொடுக்கிறார்கள் என்றால் வேறென்ன வேண்டும்?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போன முறை வந்தபோது நீ எடுத்துப்போன அந்த பிஸ்கட் டப்பா. அதில் உன் காதுகுத்து இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பு ஆண்டுவிழா நடனம் இருக்கிறது, கல்யாணம் நான்கு டிஸ்க், பத்துப் பதினைந்து தமிழ்ப் படங்கள். நூலகத்து டிஸ்க்கும் டப்பாவிலிருக்கும் டிஸ்க்கும் பார்வைக்கு ஒரே மாதிரி 12 சென்டிமீட்டர் வட்டம்தான். ஆனால் அங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிளேயர் முதலாவதை மட்டும்தான் ஓட்டும். இதை யோசிக்காமல் மாப்பிள்ளை அந்த ப்ளூரே பிளேயருக்கு ஆர்டர் போட்டுவிடப் போகிறாரே என்றுதான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

உனக்கு அந்த மளிகைக்கடைக்காரர் நினைவிருக்கிறதா? 2008 வாக்கில் ஒரு நாள் மதியம் பிளேயரையும் ரிமோட்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். படம் கருப்பு வெள்ளையாகி மேலும் கீழும் உருண்டுகொண்டே இருக்கிறது என்றார். நம் கடையிலிருந்த பழைய செட்டில் மாட்டினேன், அப்படியேதான் ஓடியது. மூடியைத் திறந்தேன். மின்சாரப் பகுதியில் இரண்டு கெப்பாசிட்டர் மாற்றினேன், மஞ்சள் சாக்கெட்டைப் புதிதாகச் சால்டர் வைத்தேன், லென்ஸைக்கூடத் துடைத்தேன். மாலை ஐந்து மணி வரை உருண்டுகொண்டேதான் இருந்தது. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாய், பையை வைத்தாய், ரிமோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இந்த என்/பி என்றால் என்ன?” என்று கேட்டுக்கொண்டே அழுத்தினாய். படம் நின்றது, நிறம் வந்தது. அவர் வீட்டுப் பையன் விளையாட்டாக அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறான், அவ்வளவுதான். அவரிடம் காசு வாங்கவில்லை. கெப்பாசிட்டர் என் கைக்காசு. அன்று ராத்திரி உன் அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அந்த ‘என்’னும் ‘பி’யும்தான் இப்போது உன் வீட்டுக்கு வந்து நிற்கின்றன. என் என்றால் என்.டி.எஸ்.சி., அமெரிக்காவின் தொலைக்காட்சி முறை. பி என்றால் பால், நம்முடையது. (பால் என்று சொன்னாலே உன் அம்மா அடுப்பைப் பார்க்கிறாள்.) அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. தொலைக்காட்சி பிறந்த காலத்தில் படத்தின் ஓட்டத்தையும் அந்தக் கணக்கோடு சேர்த்தே வைத்தார்கள். அதனால் அங்கே விநாடிக்குக் கிட்டத்தட்ட 30 படம், இங்கே 25. 1953-இல் அமெரிக்கா வண்ணத்துக்கும் அந்த 30-ஐயே வைத்துக்கொண்டது. ஜெர்மனிக்காரர்கள் பிறகு செய்த பால் முறையை நாம் எடுத்துக்கொண்டு, 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது வண்ணத்துக்கு மாறினோம். ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்தால் ரூபவாகினி தெளிவாகத் தெரிந்ததற்கும் கடல் குறுக்கே மலை இல்லை என்பதோடு இது ஒரு காரணம். அவர்களும் பால்தான். டிவிடியிலும் இதே பிரிவினை தொடர்ந்தது. அங்கத்திய டிஸ்க்கில் ஒரு படத்துக்கு 480 வரி, நம்முடையதில் 576 வரி.

இதற்கு மேல் மண்டலப் பூட்டு ஒன்று இருக்கிறது. படக் கம்பெனிகள் உலகத்தை ஆறாகப் பிரித்துப் போட்ட பூட்டு அது, ஒரு மண்டலத்து டிஸ்க் வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. அமெரிக்காவும் கனடாவும் 1, இந்தியா 5. அட்டையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் எண் இருக்கும், பார். டப்பாவிலிருக்கும் படங்களில் வெளிநாட்டு விற்பனைக்காகப் போட்டவை பல ‘எல்லா மண்டலமும்’ என்றிருக்கும், சில என்.டி.எஸ்.சி.யாகவே இருக்கும். இரண்டும் சேர்ந்தவை எங்கும் ஓடும். 2007-இல் மோசர் பேர் கம்பெனி 34 ரூபாய்க்கு டிவிடி போட்டபோது நாம் அள்ளிக்கொண்டு வந்தோமே, அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிடு. நம் வீட்டு டிஸ்க்குகளுக்கு, அதாவது காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும், மண்டலம் கிடையாது. ஆனால் எல்லாமே பால்.

ஆகவே வாங்கும்போது இரண்டு கேள்வி. எல்லா மண்டலத்தையும் படிக்குமா? பால் டிஸ்க்கை என்.டி.எஸ்.சி.யாக மாற்றித் தருமா? முதலாவதைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இரண்டாவதைப் பற்றி மூச்சு விடாத பெட்டிகள் உண்டு. நீ பார்த்து அனுப்பிய இரண்டு பிளேயரில் நாற்பத்தைந்து டாலர் பெட்டியில் இரண்டும் எழுதியிருக்கிறது. மாப்பிள்ளை காட்டிய ப்ளூரே நல்ல பொருள்தான், சாதாரண டிவிடியைக்கூட அழகாகப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் அமெரிக்காவில் விற்கும் ப்ளூரே பிளேயர்களில் பெரும்பாலானவை டிவிடி என்று வந்தால் மண்டலம் 1-ஐத் தாண்டாது, பால் டிஸ்க்கைப் போட்டால் வெளியே துப்பிவிடும். அவரிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லாதே. நீயே கண்டுபிடித்ததாகச் சொல்.

கணினியில் போட்டுப் பார்க்கலாமே என்று நீ கேட்கலாம். பால் டிஸ்க்குக்கு அங்கே தடையில்லை. ஆனால் டிஸ்க் டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். தவிர, கணினியைத் திறந்தால் குட்டி எங்கே போய் நிற்பான் என்று எனக்குத் தெரியாதா?

நம் வீட்டுப் பழைய பிளேயரை அனுப்பச் சொன்னாய். அம்மா உடனே அதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டாள். அதன் பின்பக்கச் சீட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை, 50/60 சுழற்சி என்று இருக்கிறது, ஆக அங்கத்திய மின்சாரத்தில் எரிந்துபோகாது. என்/பி பொத்தானும் இருக்கிறது. ஆனால் அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை சாக்கெட் மட்டும்தான். நீ அனுப்பிய உன் டிவியின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று எச்.டி.எம்.ஐ. துளை, ஒரு சின்ன வட்டத் துளை. அந்த வட்டத் துளைக்கென்று தனியாக ஒரு ஒயர் வரும், அதைத்தான் நீங்கள் வீடு மாறும்போது தொலைத்திருப்பீர்கள். வேறு ஒயரைக் குத்தினால் உள்ளே வளையங்களின் வரிசை மாறியிருக்கும், படம் போகும் வழியில் சத்தம் போகும். அப்படியே சரியான ஒயர் கிடைத்தாலும், ஒளியையும் நிறத்தையும் ஒரே மஞ்சள் கம்பியில் பிசைந்து அனுப்பினால் ஐம்பத்தைந்து அங்குலத் திரையில் கஞ்சி மாதிரிதான் தெரியும். லென்ஸும் கடல் காற்றில் மங்கிவிட்டது. துணியைப் பிரித்துவிடச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம்.

பெட்டி வந்ததும் டிவியின் பின்னால் பார். எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றின் கீழ் ‘ஆர்க்’ என்று இருக்கும், அதில் உங்கள் சவுண்ட்பாரின் ஒயர் இருக்கிறது. அதைத் தொடாதே. காலியாக இருக்கும் மூன்றாவதில் மாட்டு. சில மலிவுப் பெட்டிகளுக்குள் எச்.டி.எம்.ஐ. கேபிளே இருக்காது, மஞ்சள் ஒயரை மட்டும் வைத்திருப்பார்கள். கேபிள் தனியாக வாங்கினால் இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கு. 576 வரிப் படத்துக்குத் தங்க முலாம் எதற்கு?

முதலில் நூலகத்து டிஸ்க்கைப் போட்டுப் பார். அது சரியாக ஓடினால் பிளேயரின் மெனுவில் டிவி முறை என்ற இடத்தில் என்.டி.எஸ்.சி. என்று வைத்துவிட்டு, பிறகு காதுகுத்து டிஸ்க்கைப் போடு. அங்கே ‘பால்’ என்றோ ‘தானாக’ என்றோ வைத்தால் சில டிவி ஏற்கும், சில டிவி இருட்டாகிவிடும். இருட்டாகிவிட்டால் மெனுவும் தெரியாதே என்று பயப்படாதே. ரிமோட்டில் அதே என்/பி பொத்தானோ, ‘எச்.டி.எம்.ஐ.’ என்று போட்ட பொத்தானோ இருக்கும், படம் வரும் வரை நிதானமாக ஒவ்வொரு முறையாக அழுத்து. உனக்கு நான் சொல்ல வேண்டுமா! மாற்றி ஓட்டும்போது 25 படத்தை 30 ஆக்க வேண்டியிருப்பதால் உன் நடனத்தில் கை வீசும் இடங்கள் லேசாகத் துள்ளும். அது டிஸ்க்கின் கோளாறு இல்லை.

சத்தம் வரவில்லை என்றால் ஒலி மெனுவில் டிஜிட்டல் வெளியீட்டை ‘பி.சி.எம்.’ என்று மாற்று. சத்தம் வருகிறது, பாட்டு கூரையைப் பிய்க்கிறது, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது என்றால் அது வேறு. ஆறு ஸ்பீக்கருக்காகப் பிரித்து வைத்த ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உன்னிடம் அந்த நடு ஸ்பீக்கர் இல்லை. ‘டவுன்மிக்ஸ்’ என்ற இடத்தில் ஸ்டீரியோ என்று வைத்தால் வசனம் இரண்டு பக்கத்துக்கும் வந்து சேரும். இந்த ஒன்றுக்காகவே எத்தனை பேர் கடைக்கு வந்திருப்பார்கள் தெரியுமா? பிளேயர் கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

காதுகுத்து வீடியோ டேப்பிலிருந்து நான் மாற்றியது, பழைய சதுரத் திரைக்காக எடுத்தது. டிவி அதை அகலமாக இழுத்துக் காட்டும். பிளேயரில் திரை வடிவத்தை 16:9 என்று வைத்துவிட்டு, இந்த டிஸ்க்குக்கு மட்டும் டிவியின் ரிமோட்டில் 4:3-க்கு மாற்று. இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும், வரட்டும். இங்கே நாங்கள் ஒரு முறை இழுத்தபடியே பார்த்துவிட்டோம். “அப்போதே நான் இவ்வளவு குண்டாகவா இருந்தேன்?” என்று உன் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

டிஸ்க்கில் தூசி இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடை, வட்டமாகத் துடைக்காதே. லேசர் வட்டப் பாதையில்தான் படிக்கிறது. குறுக்கே விழுந்த கீறலைத் தாண்டிவிடும், பாதையோடு போகும் கீறலில் மாட்டிக்கொள்ளும். குட்டியிடம் ஓரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடு. பெயர்ச் சீட்டு எதையும் ஒட்டாதே, எடை ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும்போது உதறும்.

ஒரு டிஸ்க்கைப் பற்றி எனக்கே சந்தேகம் இருக்கிறது. ‘வேளாங்கண்ணி, செப்டம்பர் 8’ என்று நீல மையில் எழுதியது. அதைப் பதிந்த அன்று மின்சாரம் போய்விட்டது, கடைசியில் செய்ய வேண்டிய ஃபைனலைஸ் செய்தேனா என்று நினைவில்லை. செய்யாவிட்டால் பதிந்த ரெக்கார்டரைத் தவிர வேறெதிலும் ஓடாது. ரெக்கார்டர் பரணில் இருக்கிறது. டிசம்பரில் வரும்போது அந்த டிஸ்க்கை மட்டும் கைப்பையில் வைத்துக் கொண்டு வா, பார்க்கலாம்.

கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். விளக்கு எத்தனை எரிகிறது, வெள்ளியா கருப்பா என்று. நான் திருப்பி வைத்துப் பார்ப்பேன். நீயும் ஆர்டர் போடுவதற்கு முன் அந்த நாற்பத்தைந்து டாலர் பெட்டியின் பின்பக்கப் படத்தைத் தேடி எனக்கு அனுப்பு. எச்.டி.எம்.ஐ. என்று அவர்கள் எழுதியிருப்பது அங்கே துளையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். இப்போதைய கணக்கில் உனக்குக் காலை பத்து என்றால் எனக்கு இரவு எட்டரை. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில்தான் இருப்பேன்.

அன்புடன்
அப்பா