ஸ்நாக்ஸ் டப்பாவில் நாவல் பழமும் வெள்ளிக்கிழமை பிஸ்கட்டும்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளி வளாகத்து நாவல் மரம் இந்த வருடமும் கொட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் சில வாரங்களுக்கு உங்கள் பிள்ளைகள் ஊதா நாக்கோடும் கறைபட்ட வெள்ளைச் சட்டையோடும்தான் வீடு வந்து சேருவார்கள். கறையை எப்படிப் போக்குவது என்று வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே சிலர் கேட்டிருக்கிறீர்கள். "டப்பாவில் பழம் வைத்தால் அப்படியே திரும்பி வருகிறது, பிஸ்கட் வைத்தால்தான் காலியாகிறது" என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்தே இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பிஸ்கட்டுக்குத் தடை போடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை பிஸ்கட் நாள். திங்கள் முதல் வியாழன் வரை இடைவேளை டப்பாவில் பழம், சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, பொரி, வெள்ளரி என்று எதையாவது வைத்து அனுப்புங்கள். நாவல் சீசன் முடியும்வரை வாரத்தில் இரண்டு நாள் நாவல் பழமாக இருந்தால் நல்லது.

நான்காம் வகுப்பில் 'தகவல் செயலாக்கம்' பாடத்துக்காகப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டுகளைக் கணக்கெடுத்து, படம் வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கு வரும்போது பாருங்கள். கிரீம் பிஸ்கட் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அடுத்து சாக்லேட் துண்டு பதித்த குக்கீ, அப்புறம் பேக்கரி பட்டர் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட். உப்பு பிஸ்கட்டுக்கு ஆதரவு மிகக் குறைவு. ஒரு சிறுமி பிஸ்கட் பட்டியலில் 'முறுக்கு' என்று எழுதி, அதை யாரும் அடிக்கக் கூடாது என்று சண்டையும் போட்டிருக்கிறாள். முறுக்கு பட்டியலில் அப்படியே இருக்கிறது.

படம் வரைந்த கையோடு, காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லி அதில் அச்சிட்டிருப்பதையும் வாசிக்க வைத்தோம். உறையில் மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் போட வேண்டும். பிள்ளைகள் கொண்டுவந்த பெரும்பாலான உறைகளில் முதல் மூன்று இடங்களில் மைதா, சர்க்கரை, பாமாயில் என்றே இருந்தது. பால், தேன், பாதாம் என்று முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்டிருக்கும் உறையைத் திருப்பி, அந்தப் பாதாம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடுவது இப்போது எங்கள் ஐந்தாம் வகுப்பில் ஒரு விளையாட்டாகிவிட்டது. நீங்களும் கடையில் நின்று தேடிப் பாருங்கள்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். கடை பிஸ்கட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 25 முதல் 40 கிராம் வரை சர்க்கரை இருக்கும். கிரீம் வகைகள் மேல்பக்கம் நிற்கும். ஒரு கிரீம் பிஸ்கட் பத்து கிராம் என்றால், டப்பாவில் வைக்கும் நான்கில் சுமார் 14 கிராம் சர்க்கரை, அதாவது டீஸ்பூனில் மூன்று. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,700 கலோரி தேவை. சேர்க்கப்படும் சர்க்கரை இதில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து விழுக்காடு என்பது 21 கிராம். பத்தரை மணி இடைவேளையிலேயே அதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டால், காலைப் பாலுக்கும் மாலை டீக்கும் வழியில் வாங்கும் மிட்டாய்க்கும் இடம் ஏது?

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உத்தரவு வந்தது. எந்தப் பண்டத்தில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று காட்டும் பலகை அது. நாம் அந்த வாரியம் இல்லை. ஆனாலும் நல்ல யோசனை என்பதால் நம் வராந்தாவிலும் ஒன்று வைத்திருக்கிறோம். 2020-ல் வந்த இன்னொரு விதியும் உண்டு. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. விதி இருக்கிறது, வாசலில் பெட்டிக்கடையும் இருக்கிறது. கடைக்காரரிடம் நான் பேசுகிறேன். கையில் பத்து ரூபாய் கொடுத்து அனுப்புவதை நீங்கள் குறைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, நாவலுக்கு வருவோம்.

கிராம்பும் கொய்யாவும் நாவலும் ஒரே தாவரக் குடும்பம். நம் நாட்டு மண்ணிலேயே தோன்றிய மரம் இது. திருவானைக்காவலில் தல விருட்சம் வெண்ணாவல், பழமுதிர்சோலையிலும் நாவல்தான். பழத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிராம் தின்றால் கிடைப்பது சுமார் 60 கலோரிதான், பிஸ்கட்டில் அதே எடைக்கு 450-க்கு மேல். கொஞ்சம் நார்ச்சத்து, கொஞ்சம் வைட்டமின் சி. அந்த அடர் ஊதா நிறத்தைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. உடல் செல்களுக்கு ஏற்படும் சேதத்தைத் தடுக்க உதவும் ஆன்டி ஆக்சிடன்ட் வகையைச் சேர்ந்தது. நாக்கில் பிடிக்கும் துவர்ப்பு டானின் என்ற பொருளால் வருவது. வயிற்றுப்போக்குக்கு நாவலைக் கொடுத்த பாட்டிகள் இந்தத் துவர்ப்பை நம்பித்தான் கொடுத்தார்கள். அதே காரணத்தால் ஒரே மூச்சில் கிண்ணம் கிண்ணமாகத் தின்றால் மலச்சிக்கலும் வரும், தொண்டையும் கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து பழம் போதும். கொஞ்சம் உப்பு தூவிக் கொடுத்தால் துவர்ப்பு தெரியாது.

நாவலைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் பாதியை நம்பாதீர்கள். "ரத்தம் ஊறும், இரும்புச்சத்து நிறைய" என்பது அதில் முதலாவது. நிறம் ரத்தம்போல இருக்கிறது என்பதற்காக இரும்பு வந்துவிடாது. நாவலில் இரும்பு குறைவுதான். கேழ்வரகு, கீரை, பேரீச்சை, முட்டை, ஈரல் ஆகியவற்றைத்தான் அதற்கு நம்ப வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதனால்தான் வாரம் ஒருமுறை பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம், சின்ன வகுப்புகளுக்கு இளஞ்சிவப்பு, ஆறாம் வகுப்பிலிருந்து நீலம். அதற்குப் பதிலாக நாவல் கொடுக்கிறோம் என்று ஒரு வீட்டில் மாத்திரையை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உண்மையில் டானின் இரும்பை உடலில் சேரவிடாமல் இழுத்துப் பிடிக்கும், டீ செய்வதும் அதைத்தான். மாத்திரை போடும் நாளில் நாவலை மாலைக்கு ஒதுக்கிவையுங்கள். கொய்யாவோ நெல்லியோ என்றால் கூடவே கொடுக்கலாம். அவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், நாவலில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இரண்டாவது, சர்க்கரை நோய். நாவல் கொட்டைப் பொடி நாட்டு மருந்துக் கடையில் வெகுகாலமாக விற்கிறது. சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் அதற்கு இடம் உண்டு, விலங்குகளில் செய்த ஆய்வுகளில் சர்க்கரை குறைந்ததும் உண்மை. ஆனால் மனிதர்களிடம் அது போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு எந்தப் பொடியும் இன்சுலினுக்கு மாற்றாகாது. பழமாகத் தின்ன மற்ற பல பழங்களைவிட நாவல் பாதுகாப்பானதுதான், அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் வகுப்பாசிரியருக்கு அவசியம் தெரிவியுங்கள். வெள்ளிக்கிழமை பிஸ்கட்டை அவர்கள் எப்படிச் சாப்பிடுவது என்று சேர்ந்தே முடிவு செய்யலாம்.

வைட்டமின் கணக்கை விட்டுவிட்டு எனக்கு நாவல் ஏன் பிடிக்கும் என்றால், அது கடித்துத் துப்பித் தின்ன வேண்டிய பழம். நாலு பிஸ்கட் ஒரு நிமிடத்தில் தீரும், எட்டு நாவல் பழம் தின்னப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு மட்டும் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுத்தனுப்புங்கள். அந்தக் கொட்டை சின்னத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அளவில் இருக்கிறது.

சட்டைக் கறைக்கு வருகிறேன். பட்ட இடத்தில் உடனே சோப்பு போடாதீர்கள். சோப்பு காரம், அதாவது புளிக்கும் அமிலத்துக்கு எதிரானது. காரம் பட்டால் நாவல் ஊதா நீலமாகத் திரும்பும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாறோ புளித்த தயிரோ தடவி ஊறவிட்டு, அப்புறம் துவையுங்கள். பழைய கறை முழுதாகப் போகாது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அமிலம், காரம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதையே சோதனையாகச் செய்து பார்க்கலாம். நாவல் தோலைத் தண்ணீரில் கசக்கி இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சை பிழியுங்கள், இன்னொன்றில் ஆப்ப சோடா போடுங்கள். ஒன்று சிவக்கும், மற்றது நீலமும் பச்சையும் கலந்து வரும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாவல் கிளை முருங்கைக் கிளைபோல, பார்க்கத்தான் தடிமன், ஏறினால் முறியும். மரத்தில் ஏற யாருக்கும் அனுமதியில்லை, கல் எறியவும் கூடாது. உதவியாளர் அண்ணன் காலையில் வலை கட்டி உலுக்கிக் கொடுப்பார், கழுவிய பிறகு வகுப்புக்கு வரும். கீழே விழுந்ததை ஔவையார் ஊதித் தின்றிருக்கலாம். நம் பிள்ளைகள் உப்புத் தண்ணீரில் கழுவித்தான் தின்ன வேண்டும். கடையில் வாங்குபவர்கள் பெரிய ஜம்பு நாவலுக்கே அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை, தெருவில் பாட்டிகள் கூறு போட்டு விற்கும் நாட்டு நாவலும் நன்றாகவே இருக்கும். அதைவிட அந்தப் பாட்டிகளுக்கு நாலு காசு போகும்.

கடைசியாக, வெள்ளிக்கிழமைக்கு வீட்டிலேயே பிஸ்கட் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு செய்முறை. எங்கள் ஆறாம் வகுப்பு ஆசிரியை செய்து வந்து கொடுத்தார், ஆசிரியர் அறையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு கப் கேழ்வரகு மாவை வாசம் வரும்வரை இளந்தீயில் வறுத்து ஆறவிடுங்கள். அரை கப் கோதுமை மாவு, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய்த் தூள் சேர்த்துச் சலியுங்கள். நூறு கிராம் வெண்ணெயை 70 கிராம் நாட்டுச் சர்க்கரையோடு நுரைக்கத் தேய்த்து, மாவைச் சேர்த்து, தேவைக்கு இரண்டு மூன்று ஸ்பூன் பால் தெளித்து உருட்டுங்கள். அழுத்திப் பிசைய வேண்டாம். சின்ன எலுமிச்சை அளவில் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போடுங்கள். கொட்டை எடுத்த நாவல் சதையைக் கொஞ்சம் வெல்லத்தோடு கிளறிக் கெட்டியானதும் அந்தக் குழியில் வையுங்கள். மாவில் ஆப்ப சோடா சேர்க்காதீர்கள், டம்ளரில் நடந்ததுதான் இங்கும் நடக்கும், ஊதா போய்ச் சாம்பல் நிறமாகிவிடும்.

ஓவன் இருந்தால் 170 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம். இல்லாவிட்டால் அடி கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து மூடி, பத்து நிமிடம் சூடாக்கிய பின் தட்டை உள்ளே வைத்து இளந்தீயில் 20 முதல் 25 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகும். வேகவில்லையோ என்று பயந்து திரும்ப வைத்தால் கருகிவிடும். இந்த அளவுக்கு 24 பிஸ்கட் வரும், ஒவ்வொன்றிலும் மாவில் சேர்த்த சர்க்கரை மூன்று கிராம், குழியில் வைக்கும் வெல்லம் தனி. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் சர்க்கரைதான், அதனால் 'இது சத்தானது' என்று ஆறேழு கொடுத்துவிடாதீர்கள். கேழ்வரகில் கால்சியம் உண்டு என்பது மட்டும் கூடுதல் லாபம்.

செய்ய நேரமில்லாதவர்கள் கடை பிஸ்கட்டே கொடுத்தனுப்புங்கள், அதில் எந்தச் சங்கடமும் வேண்டாம். வேலைக்குப் போகும் அம்மாக்களின் காலை நேரம் எங்களுக்கும் தெரியும். அளவு மூன்று, நான்கோடு நிற்கட்டும். பால், வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அதை இந்த வாரத்துக்குள் டைரியில் எழுதி அனுப்புங்கள். மற்ற பிள்ளைகளோடு பகிர்ந்து தின்பதை நாங்கள் தடுப்பதில்லை என்பதால் இது அவசியம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் சிலர் டீயும் இரண்டு பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டு வருகிறார்கள், பிரேயரில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். சின்ன வகுப்புகளுக்குப் பள்ளியிலேயே காலை உணவு கிடைக்கிறது, இவர்களுக்கு இல்லை. பழைய சோறும் மோருமாக இருந்தாலும் சரி, ஏதாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள். வீட்டுச் சூழலால் முடியவில்லை என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வோம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. பிஸ்கட் நாள் என்பதால், செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை