பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீர்கள்

சேலம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அஸ்தம்பட்டியில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். மாதவிடாய் வலியோடு வரும் பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "பி.டி. பீரியட்ல மிஸ் ஓரமா உக்காரச் சொல்லிடுவாங்க." மிஸ் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார். வலி தாங்காத நாளில் உட்காரட்டும், படுக்கட்டும். மீதி நாட்களில்? பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குகிறார், அறிவியல் ஆசிரியர் கடன் வாங்குகிறார். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை.

அந்தப் பீரியடே மருந்து என்பதால்தான் எழுதுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வாரம் 3 முறை, தடவைக்கு 45 முதல் 60 நிமிடம் உடற்பயிற்சி செய்தால் மாதவிடாய் வலி நன்றாகக் குறையக்கூடும் என்கிறது. ஆய்வுகளின் தரம் உயர்ந்ததல்ல என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. காசு செலவில்லாத வைத்தியத்துக்கு அந்தச் சாட்சியம் எனக்குப் போதும். வியர்க்க ஓடினாலும் சரி, யோகா செய்தாலும் சரி, மாதம் முழுக்கச் செய்ய வேண்டும். வலி வந்த அன்று மட்டும் நாலு தடவை குனிந்து நிமிர்ந்து பயனில்லை.

வலி எங்கிருந்து வருகிறது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கருப்பையின் உள்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. அது கருப்பையை இறுக்கிப் பிழிகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, வலிக்கிறது. குடலையும் அது சும்மா விடுவதில்லை. சிலருக்கு வாந்தியும் பேதியும் அதனால்தான். இதைப் படம் போட்டுக் காட்டியபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அம்மா பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா, நான் ஒண்ணும் நடிக்கல" என்றாள். "நாங்கெல்லாம் தாங்கிக்கலையா?" என்றார் அம்மா. அவருக்கும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

பயிற்சிகள் எளியவை. தவழும் நிலையில் முதுகைப் பூனைபோல வளைப்பது, குதிகால்மேல் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைப்பது, வேக நடை. நெற்றி தரையில் பட்டதுமே பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். முதுகில் கைவைத்து "மூச்ச விடு கண்ணு" என்று சொல்லியே என் பாதி நேரம் போய்விடும்.

அரசின் புதுயுகம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாப்கின் வருகிறது. நல்ல காரியம். அதைக் கொடுக்கும் நாளில் பத்து நிமிடம் பேசவும் ஏற்பாடு செய்யுங்கள். தேதியைக் குறித்து வைப்பது, அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பது, மெடிக்கலில் கேட்டு வாங்காமல் டாக்டர் சொன்ன மாத்திரையை, வலி முற்றும்வரை காத்திராமல், சாப்பிட்டபின் போடுவது. இவ்வளவுதான். மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனாலோ, மாதவிடாய் இல்லாத நாளிலும் வலித்தாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ பயிற்சி போதாது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) போன்ற வேறு காரணம் இருக்கலாம். மகப்பேறு மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நடையைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டிய வலி எது, வரத் தேவையில்லாத வலி எது என்று மலைமேலேயே ஒரு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே, தேர்வு மாதத்திலும் பி.டி. பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பெண் உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் வேறொரு ஆசிரியைக்குப் பயிற்சி கொடுங்கள். கூப்பிட்டால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன், கட்டணம் வேண்டாம். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு வகுப்பறை மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.