அரையாண்டு முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

காரைக்குடி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடியிலும் பேச்சுப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். புதிய குடிநீர்த் தொட்டியும் வந்துவிட்டது. மகிழ்ச்சி.

அப்புறம், அறிவியல் கண்காட்சி பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பதினொன்றாம் வகுப்பில், உயிர்ச் செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையான செல் சவ்வுக்கு ஒரு மாதிரி செய்துவரச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் கடையில் வாங்கியவை, இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்கள் கண்விழித்துச் செய்தவை. பளபளவென்று இருந்த ஒரு தெர்மாகோல் மாதிரியைக் காட்டி, "வால் எல்லாம் ஏன் உள்ளே பார்த்து நிற்கிறது?" என்று கேட்டேன். கொண்டுவந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சவ்வில் பாஸ்போலிப்பிட் என்ற மூலக்கூறுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையும் கொழுப்பாலான வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குத் தண்ணீர் ஆகாது. செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அதனால் வால்கள் நடுவில் ஒதுங்கிக்கொள்ள, இரண்டு அடுக்குச் சவ்வு தானாகவே அமைகிறது. ஒவ்வொரு வாலாகத் தன் கையால் ஒட்டியிருந்தால் இந்தக் கேள்வி அவனுக்கே வந்திருக்கும்.

1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்ற இரு விஞ்ஞானிகள் செல் சவ்வுக்குச் சொன்ன மாதிரிக்குப் பெயர் பாய்ம மொசைக், அதாவது திரவம் போல நகரும் மொசைக். மொசைக் என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரைதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கல் இடம் மாறாது. சவ்வில் பதிந்த புரதங்களோ பெரும்பாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மாணவி பித்தளைத் தாம்பாளத்தில் எண்ணெய் ஊற்றி, தக்கைத் துண்டுகளை மிதக்கவிட்டு இதைக் காட்டினாள். பக்கத்தில் அவள் அப்பத்தா உப்புப் போட்ட மாங்காய் ஜாடி. வெளியே உப்பு கூடியதும் செல்லுக்குள் இருந்த தண்ணீர் சவ்வைக் கடந்து வெளியேறுகிறது, சவ்வூடு பரவல் இதுதான் என்று விளக்கினாள். கடைக்காரர் விற்க முடியாத மாதிரி அது.

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இனி கடையில் வாங்கியதற்கும் பெரியவர்கள் செய்து கொடுத்ததற்கும் அகமதிப்பீட்டு மதிப்பெண் கிடையாது. யார் வந்து கேட்டாலும் இதில் மாற்றமில்லை.

பிள்ளை சிரமப்படக் கூடாதே என்ற பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். பக்கத்தில் உட்காருங்கள், கேட்டால் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் சரி, அப்படியே அனுப்புங்கள்.

கண்காட்சியன்று வெயிலில் வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்த தாய்மார்களுக்கு மனமார்ந்த நன்றி. தலைகுனிந்து நின்ற அந்தப் பையன் தானே மறுபடி செய்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஜனவரியில் பள்ளி திறந்ததும் அதைப் பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்