இடது காலைக் குறுக்கே வைக்கச் சொல்லும் பலகையை எடுத்துவிடுங்கள்

கடற்கரையோர டென்னிஸ் திடலின் நிர்வாகக் குழுவினருக்கும் தலைமைப் பயிற்றுநர் அவர்களுக்கும்,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பட்டியலிலிருந்து பிள்ளைகளின் பெயர்களை அடித்தவர்கள் நீங்கள்தான் என்பதால் அதை நான் விவரிக்கப்போவதில்லை. 12 வயதான என் மகளின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் "கால் நிலை தவறு" என்று எழுதியிருந்தது. அவள் அடித்த பந்துகள் கோட்டுக்குள் விழுந்தனவா, எதிரே ஆடிய பெண்ணால் அவற்றைத் திருப்ப முடிந்ததா என்று குறிப்பதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிக்கும் ஃபோர்ஹேண்டைப் பற்றியது அது. "ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது இடது காலைக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் நிற்காதவர்கள் தேர்வுக்குத் தகுதியற்றவர்கள்" என்று அலுவலக அறைச் சுவரில் மாட்டியிருக்கும் பலகையை எடுத்துவிடுங்கள். அதன்பேரில் நீக்கிய பிள்ளைகளை மறுபடி ஆடவைத்துப் பாருங்கள்.

நம் கோர்ட்டின் தரை நீங்கள் அறியாததல்ல. ஆனி பிறந்து கச்சான் காற்று எழுந்துவிட்டால், மேற்கே வேலியில்லாத பொட்டலிலிருந்து இரவெல்லாம் மணல் வந்து சிமெண்டுத் தரையில் படிந்துவிடுகிறது. காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது விளக்குமாற்றைத்தான். கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனை ஒட்டிப் பெருக்கி முடித்த அரை மணி நேரத்தில், விரலால் கோடு இழுக்கலாம் போல மறுபடியும் ஒரு மெல்லிய படலம். ஓடிவந்த வேகத்தில் அதன்மேல் இடது காலைக் குறுக்கே நீட்டி ஊன்றினால், குதிகாலுக்கு அடியில் மணல் உருண்டு, கால் தன்பாட்டுக்கு முன்னே போய்விடுகிறது. என் மகள் மூன்று முறை விழுந்தாள். மூன்றாவது முறை, தோல் உரிந்த முழங்காலில் அப்பியிருந்த மணலை வெந்நீர் ஊற்றிக் கழுவி எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அதற்குப் பிறகு அவளாகவே பழகிக்கொண்ட நிலையைத்தான் நீங்கள் தவறு என்று எழுதியிருக்கிறீர்கள்.

கல்லூரி நாட்களில் நானும் ஆடியவள் என்பதால், அவள் என்ன செய்கிறாள் என்பதைச் சொல்லத் துணிகிறேன். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் வேளையில் சிறியதாக ஒரு துள்ளல் துள்ளி இரு பாதங்களிலும் இறங்குகிறாள். பந்து வலப்பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் வலது காலை வெளியே ஊன்றி, முழங்காலை மடக்கி, எடையை அதில் ஏற்றுகிறாள். பாதங்கள் ஏறக்குறைய வலையைப் பார்த்திருந்தாலும், இடது கை மட்டையின் கழுத்தை விடாமல் பிடித்திருப்பதால் இரண்டு தோள்களும் சேர்ந்தே திரும்பிவிடுகின்றன. அந்த முறுக்கு அவிழும்போது இடுப்பு முதலிலும், தோள் அடுத்தும், கை கடைசியிலும் வருகின்றன. மணிக்கட்டு பின்னால் மடங்கியிருக்க, பந்தை உடம்புக்கு முன்னால் சந்திக்கிறாள். மட்டை இடது தோளுக்கு மேலே போய் நிற்கிறது. பந்து மட்டையின் நரம்புகளில் தங்குவது ஒரு நொடியில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் எதையும் திருத்த முடியாது என்பதால், தோள் நேரத்தோடு திரும்பியதா என்பதே முக்கியம். தோளைப் பற்றி உங்கள் பலகையில் ஒரு சொல்கூட இல்லை.

பக்கவாட்டில் நின்று அடிப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற காலத்தில் மட்டை மரத்தாலானது. நான்கு பெரிய போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன. தாழ்ந்து வழுக்கி வரும் பந்துக்கு முன்காலில் எடையைப் போட்டுக் குனிந்து அடிப்பது பொருந்தியது. இன்றும் முன்னால் குட்டையாக விழும் பந்துக்கு அதுதான் நல்லது. என் மகளும் அதை அப்படித்தான் அடிக்கிறாள். சிமெண்டுத் தரையில் மேல்சுழற்சியோடு, அதாவது முன்னோக்கி உருண்டபடி வந்து எழும்பும் பந்தோ இந்த வயதுப் பிள்ளைகளின் தோளுயரத்துக்கு வருகிறது. அந்த உயரத்தில், உள்ளங்கை கைப்பிடியின் அடிப்பக்கமாகச் சாய்ந்திருக்க இவர்கள் பிடிக்கும் செமி வெஸ்டர்ன் பிடியோடு காலைக் குறுக்கே போட்டால், இடுப்பு பூட்டிக்கொண்டு கை மட்டும் தனியாக வீசுகிறது. 60 கிராம்கூட இல்லாத பந்தைக் கச்சான் கடைசி நேரத்தில் ஒரு முழம் தள்ளிவிட்டால், குறுக்கே ஊன்றிய காலை எடுத்து மாற்றி வைக்க வழியே இல்லை. பாம்பன் பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். ரயிலுக்குக் காட்டிய அந்தச் சலுகையில் கொஞ்சம் எங்கள் பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் ஒரு பையனுக்கு இடது கைப் பழக்கம். அவனுக்குக் குறுக்கே வரவேண்டியது வலது கால். "நான் எந்தக் காலை சார் வைக்கணும்?" என்று அவன் கேட்டதற்கு, "போர்டில் இருக்கிறபடி" என்று பதில் வந்தது. பணிவான பிள்ளை, அன்று முழுவதும் இடது காலையே குறுக்கே வைத்து, தன் காலே தன்னைத் தடுக்க ஆடினான். பெஞ்சில் இருந்த நாங்கள் சிரித்தோம். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டோம்.

இத்தனை கண்டிப்பை வலையிலிருந்து தொடங்கியிருக்கலாம். இறுக்கும் திருகு உப்புக்காற்றில் துருவேறி அசையாமல் போனதால், நடுவில் 0.914 மீட்டர் உயரம் இருக்கவேண்டிய வலை தொய்ந்து கிடக்கிறது. பிள்ளைகள் ஒரு மட்டையை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்கே பிடித்து அளந்து, "நாலு விரல் குறையுது" என்று சொல்லிவிட்டு ஆடத் தொடங்குகிறார்கள். அதற்காக எவருடைய பெயருக்கு நேரேயும் சிவப்பு மை விழவில்லை. மேற்குப் பக்கம் வேலி கேட்டு நாங்கள் கொடுத்த மனு, மணலோடு மணலாய் எங்கே புதைந்ததோ தெரியவில்லை.

சினம் சற்று மிகுந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநர் அவர்கள் விடியுமுன் வந்து நிற்பதையும், பிய்ந்த மட்டைப் பிடிகளுக்குத் தம் கைக்காசில் டேப் வாங்கிச் சுற்றித் தருவதையும் நாங்கள் நன்றியோடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால்தான் வேறு எங்கும் போகாமல் உங்களிடமே கேட்கிறேன். அடுத்த தேர்வுக்கு முன் அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள். நீக்கிய பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். தாளில் குறிக்கும்போது தோள் திரும்பியதையும், பந்தை எங்கே சந்தித்தார்கள் என்பதையும், பந்து எங்கே விழுந்தது என்பதையும் எழுதுங்கள்.

முடிவெடுக்குமுன் குழுவினர் யாரேனும் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் திடலுக்கு வந்துபோகுமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கும் ஒரு விளக்குமாறு எடுத்துவைக்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் அடிக்கப்பட்ட பெண்பிள்ளையின் தாய்