விபத்து மரணங்களுக்கும் தணிக்கை வேண்டும்: கொங்கு மாவட்ட ஆட்சியர்களுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எந்த மருத்துவமனையில் எவ்வளவு நேரம் வீணாயிற்று, எந்தக் கட்டத்தில் அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மாவட்ட அளவில் தணிக்கை செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. சாலையில் அடிபட்டு, மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்ந்து, அதன்பின் இறந்தவர்களுக்கும் அதே கண்டிப்புடன் தணிக்கை நடத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.

2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. பெரிய உதவிதான். ஆனால் சிகிச்சைக்குப் பணம் கட்டப்பட்டது என்ற கணக்கு, இறந்தவர் பிழைத்திருக்கக்கூடியவரா என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்ல மதிப்பீட்டு முறைகள் உண்டு. சுவாசம், ரத்த அழுத்தம், நினைவுநிலை, காயங்களின் கடுமை, வயது, காயத்தின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்கும் 'டிரிஸ்' முறை அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. பிழைக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தும் ஒருவர் இறந்திருந்தால், அவருடைய கோப்பை மருத்துவர் குழு எடுத்துப் படிக்க வேண்டும். எனினும் இந்தக் கணிப்பு எண்ணிக்கையை மட்டும் நம்புவது ஆபத்து. ஸ்கேன் எடுக்கும் முன்பே இறந்தவரின் உள்காயங்கள் பதிவாகாமல் போவதால் காயத்தின் கடுமை குறைவாகத் தெரியும். உடற்கூறாய்வு அறிக்கை கையில் இருந்தால்தான் கல்லீரல் கிழிந்திருந்ததா, நெஞ்சுக்கூட்டில் ரத்தம் தேங்கியிருந்ததா என்பது விளங்கும். அந்த அறிக்கை காவல் நிலையத்துக்கும், நீதிமன்றத்துக்கும், இழப்பீட்டு வழக்குக்கும் போகிறது. சிகிச்சையளித்த அவசரப் பிரிவுக்கும் அதன் நகல் வந்தாக வேண்டும். செலவே இல்லாத திருத்தம் இது.

இன்னொன்று, நம் வட்டாரத்துக்கே உரியது. தாராபுரத்திலோ சத்தியமங்கலத்திலோ முதலில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து கோவைக்கு அனுப்பப்படுபவர் பெரியாஸ்பத்திரியில் இறந்தால், அந்த மரணம் கோவையின் கணக்கில்தான் ஏறும். முதல் மருத்துவமனையில் மூச்சுவிட உதவும் குழாய் போடப்பட்டதா, ரத்தக்கசிவுக்கு டிரானெக்சாமிக் அமிலம் கொடுக்கப்பட்டதா (மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்), எத்தனை மணிக்கு வண்டி கிளம்பியது என்பவை துண்டுச் சீட்டோடு தொலைந்துவிடக் கூடாது. ஆகவே தணிக்கை, இறந்த இடத்திலிருந்து தொடங்கினாலும், 108 வண்டி வந்த நேரத்திலிருந்து வழிநெடுகப் பின்தொடர வேண்டும். அந்தத் தணிக்கை மேசையில் தாலுகா மருத்துவமனையின் மருத்துவரும், மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தவரும், 108 அமைப்பின் பிரதிநிதியும் அமர வேண்டும்.

அமெரிக்காவின் ஆரஞ்சு கவுண்டியில், தலைக்காயம் அல்லாத மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தவிர்க்கக்கூடியவை என்று 1979இல் வெளியான ஆய்வு சொன்னது. காயச் சிகிச்சைக்கெனத் தனி மையங்கள் அமைய அது காரணமாயிற்று. அந்த ஊரில் ஆளைத் தேடித் தண்டித்ததால் அல்ல, அமைப்பை மாற்றியதால் பலன் வந்தது. இங்கும் குழுவின் பதிவுகள் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகிவிடும் என்று பயந்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். கூட்டக் குறிப்புகளில் மருத்துவர், செவிலியர் பெயர்கள் இடம்பெறாதவாறு முன்கூட்டியே எழுத்துப்பூர்வமான ஆணை பிறப்பியுங்கள்.

எல்லா மரணங்களையும் ஒரேயடியாக எடுக்க வேண்டியதில்லை. தலைக்காயமின்றி ரத்தக்கசிவால் இறந்தவர்களையும், வேறு மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டு 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்களையும் மட்டும் மாதந்தோறும் எடுத்துக்கொண்டு, கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களும் ஒரே படிவத்தில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.