யாம்னியாவில் பிரிந்தார்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கி.பி. 90இல் பாலஸ்தீன ஊரான யாம்னியாவில் கூடிய ரபிகளின் (யூத போதகர்களின்) சங்கம் கிறிஸ்தவர்களை விலக்கியது, அத்தோடு யூதம், கிறிஸ்தவம் ஆகிய இரு சமயங்களும் பிரிந்தன என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. யாம்னியாவில் ரபிகளின் கல்விக்கூடம் இருந்தது உண்மை. சங்கம் கூடியதற்குச் சான்று இல்லை. எபிரெய வேத நூல்களின் பட்டியல் அங்கே முடிவானது என்று 1871இல் யூத வரலாற்றாசிரியர் ஹைன்ரிக் கிரேட்ஸ் ஊகித்தார். விலக்கிய கதை பின்னால் வந்து அதில் ஒட்டிக்கொண்டது.

ஒரு பெண் கருவுற்று மகனைப் பெறுவாள் என்னும் ஏசாயா 7:14இல் கிறிஸ்தவர்கள் சொல்லை மாற்றினார்கள் என்று அக்கட்டுரை சொல்வதும் தவறு. எபிரெயத்தில் இருப்பது 'அல்மா', இளம்பெண். அதைக் கிரேக்கத்தில் 'பார்த்தெனோஸ்' என்று பெயர்த்தவர் கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த யூதர். அந்தச் சொல்லும் கன்னியை மட்டுமே குறிக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆதியாகமம் 34:3இல், சீகேம் கெடுத்த பிறகும் யாக்கோபின் மகள் தீனாளைக் கிரேக்க வேதம் பார்த்தெனோஸ் என்றே சொல்கிறது. மத்தேயு அந்தக் கிரேக்க வசனத்தை எடுத்தாண்டார், சபை கன்னி என்றே வாசித்தது. சுமார் 130இல் யூதர்களுக்காக அக்கிலா புதிதாகப் பெயர்த்தபோது 'நெயானிஸ்' என்று போட்டார், அதாவது இளம்பெண். நம் தமிழ் வேதாகமத்தின் 'கன்னிகை' மத்தேயு வழி வந்த வாசிப்பு.

கிறிஸ்தவர் கைவைத்த இடம் வேண்டுமென்றால் சங்கீதம் 96:10ஐச் சொல்லியிருக்கலாம். 'கர்த்தர் மரத்திலிருந்து ராஜரிகம்பண்ணுகிறார்' என்றிருந்ததில் 'மரத்திலிருந்து' என்பதை யூத போதகர்கள் நீக்கிவிட்டதாக, சுமார் 160இல் கிறிஸ்தவ எழுத்தாளர் இரத்தசாட்சி ஜஸ்டின் குற்றம் சாட்டினார். எபிரெயத்தில் அந்தச் சொல்லே கிடையாது. சிலுவையை நினைத்துக் கிறிஸ்தவர் யாரோ சேர்த்தது. ஜஸ்டின் பொய் சொன்னார் என்று தோன்றவில்லை, அவர் கையிலிருந்த ஏடு அப்படி.

இத்தகைய தடுமாற்றம் வாதத்தில் மானத்தை வாங்கிவிடும். மூன்றாம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்துச் செசரியாவில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எபிரெய மூலத்தையும் கிரேக்கப் பெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக அருகருகே எழுதவைத்தார். கிரேக்கத்தில் மட்டும் உள்ள வரிக்கு ஒரு கோட்டுக் குறி, எபிரெயத்திலிருந்து சேர்த்ததற்கு நட்சத்திரக் குறி. யூதரோடு வாதாடும்போது அவர்கள் ஏட்டில் இல்லாத வசனத்தைக் காட்டிவிடக் கூடாதே! அந்த வாதம் அன்றும் ஓயவில்லை என்றுதானே பொருள்?

90இலேயே பிரிந்துவிட்டார்கள் என்றால், 386-87இல் சிரியாவின் அந்தியோகியாவில் கிறிஸ்தவ குரு ஜான் கிறிசோஸ்தோம் யாரைத் திட்டினார்? தம் சபையாரைத்தான். யூதரின் எக்காளப் பண்டிகைக்கு அவர்களுடைய ஜெப ஆலயம் போகிறார்கள், அங்கே இட்ட சத்தியத்துக்கு வலிமை அதிகம் என்று நம்புகிறார்கள் என்பது அவர் புலம்பல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை